ஓட்டம் பதினேழு, படம் நாற்பத்திரண்டு

தகர டப்பாவின் மூடியை நெம்பியதும்
அச்சாறு வாசனை.
காலிமுகத்திடலில் மாலை ஆறு மணிக்கு
அன்னாசியும் மாங்காயும் குலுங்குமே, அதே புளிப்பு.
"மிஸ், சாப்பாடு டைம் வந்தாச்சா?" என்கிறான் திலங்க,
கையுறையைக் கழற்றாமல்.
இல்லை. பிலிம் சாகிறது.
சாகும்போது அது வினாகிரியாகிறது.
மூவாயிரத்துச் சொச்சம் டப்பாக்கள்.
ஏசி ஒன்று;
அதுவும் வெள்ளிக்கிழமைகளில் நோன்பு.

நாரஹேன்பிட்டியில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே சந்தை லொறிகள்
நுவரெலியா லீக்ஸ் இறக்குகின்றன,
வேரில் ஒட்டிய மண்ணோடு.
அந்த மண்ணை எவரும் தனியாக நிறுப்பதில்லை.
நிறுப்பதுதான் என் வேலை,
அதுவும் இறந்த காலத்தில்.

படத்தின் ஓரத்தில் ஒரு குட்டிக் கடிகாரம் பதிந்திருக்கிறது:
ஒன்பது நாற்பது. ஐம்பத்தாறு, பெப்ரவரி.
பக்கத்தில் ரசமட்டத்தின் குமிழி,
விமானம் சற்றே இடப்பக்கம் சரிந்ததற்குச் சாட்சி.
நான் பிறக்க இருபத்தொன்பது வருஷம் இருக்கையில்
யாரோ ஒருவன் அங்கே மேலே
குமட்டலை அடக்கியிருக்கிறான்.

ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ்
நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும்
அருகருகே நகர்த்துகிறேன்.
முதலில் இரண்டு சாம்பல் தாள்கள்,
பிறகு மூக்குத்தண்டில் ஒரு வலி,
பிறகு
மலை எழும்பி என் இமையில் முட்டுகிறது.

பதினைந்து வினாடி இடைவெளியில் எடுத்தவை.
அசையாதது மட்டும் சரியாகப் பொருந்தும்.
அசைந்தது மிதக்கும், அல்லது புதையும்.
தொழிற்சாலைப் பாதையில் ஒரு லொறி
வீதிக்கு முப்பது அடி உயரத்தில்
தேயிலைப் பெட்டிகளோடு தொங்குகிறது.
ஆட்கள் இந்த அளவில் தெரியமாட்டார்கள்.
கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றிருக்கலாம்;
படத்தில் அது கைரேகைக் கறையாகவும் இருக்கலாம்.

ஓடைக்கு நீலம், அரிப்புக்குச் சிவப்பு.
களையைச் சுரண்டித் துடைத்த சரிவில்
நரைமயிர் போல் ஒரு கோடு,
மழை யாரையும் கேளாமல் வெட்டிய வாய்க்கால்.
எழுபத்தொன்பதின் ஓட்டத்தில் அது கயிறு.
தொண்ணூற்று நான்கில் நாக்கு.
நாக்கின் நுனியில் லயங்களை எண்ணுகிறேன்:
பன்னிரண்டு. பன்னிரண்டு.
பதினொன்று.
மறுபடி எண்ணுகிறேன்.
வண்ண அட்டவணையில் இதற்கு நிறமில்லை.
"நிலப் பயன்பாட்டு மாற்றம்" என்று போடுங்கள் என்கிறார்
பணிப்பாளர் மதனாயக்க, கோப்பிலிருந்து தலை தூக்காமல்.
பிழையில்லை.
மாறித்தான் இருக்கிறது.

போன மண் எங்கே என்று படிவம் கேட்பதில்லை.
கேட்டால் சொல்வேன். நான் முகத்துவாரத்தில் குடியிருக்கிறேன்.
மலையில் பெய்து இரண்டொரு நாளில்
களனி கங்கை கடலுக்குள் காவியாய் ஒரு பாய் விரிக்கும்.
மொறிஸ் குரூஸ் அதைப் பார்த்ததும்
ஒரு கெட்ட வார்த்தை சொல்லி
வலையைப் படகிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.
அந்த வார்த்தையையும்
அட்டவணையில் சேர்க்கலாம்.

நேற்றிரவு குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்தேன்.
தேயிலை போடாமலே பிளேன்டீ நிறம்.
"ஊத்துங்க அதை" என்றார் எட்வின்.
பொறுங்கள், என்றேன், தெளியட்டும்.

காலையில் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு படிவு,
ஒருபக்கம் உயர்ந்து ஒருபக்கம் தாழ்ந்து.
அளவுத்திட்டம்: ஒன்றுக்கு ஒன்று.
குனிந்து இடக்கண்ணை மூடிப் பார்த்தேன்,
பிறகு வலக்கண்ணை.
சரிவு கொஞ்சம் நகர்ந்தது போலிருந்தது.
கிளாஸை அசைக்காமல்
மேசையின் அந்தப் பக்கம் போய்
இன்னொரு தரம் பார்ப்பதற்குள்
பஸ் போய்விட்டது.