நாற்பத்தொன்றுக்குப் பதினொன்று

"வண்டி எந்த வருஷம்?" என்றது போன்.
ஐம்பத்தொன்பது என்றேன்.
ஆறு நாளில் பேரிங் வந்தது.
தண்டில் ஏற்றினால்
தம்பியின் தொப்பியை மாட்டிக்கொண்ட மாதிரி
உச்சியிலேயே நின்றது.
திருப்பி அனுப்பினேன்.
அடுத்தது,
கிழவி கை வளையலாய்
உள்ளே ஓடிக் கலகலத்தது.

மைனாட்டுக்கு வடக்கே, ஜனவரி.
கொட்டகையில் கேஸ் கணப்பு
இடது காதை வேகவைக்கிறது;
வலது காது இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
இருபது வருஷம் ஆக்சில்மேல் உட்கார்ந்திருக்கிறேன்,
அதன் கீழே படுத்தது இப்போதுதான்.

ட்வேன் ஷாட்ஸைக் கூப்பிட்டேன்.
நாற்பது ஏக்கர் பனிக்குள்
செத்த வண்டிகளை அடுக்கி வைத்திருப்பவன்.
"வருஷத்தைச் சொல்லாதே.
வருஷம் கதவுக்கும் கூரைக்கும்.
மூடியில் எத்தனை போல்ட்?"
பத்து.
"வீல் போல்ட்?"
ஆறு.
"தண்டு நுனியில் எத்தனை வரிப்பல்?"
எண்ணினேன். இருபத்தேழு.
இன்னொரு முறை எண்ணினேன். இருபத்தொன்பது.
உள்ளே போய் நகப்பூச்சு எடுத்துவந்து
ஒரு பல்லுக்கு ஊதா வைத்து
அங்கிருந்து ஆரம்பித்தேன்.
இருபத்தெட்டு.
அவன் மூக்கால் சிரித்தான்.
"அது உன் வண்டியின் ஆக்சிலே இல்லை.
பதின்மூன்று வருஷம் இளையது.
மூடியைக் கழற்று."

கழற்றினேன்.
அழுகின முட்டை வாசத்தில்
கறுப்பாய் இறங்கியது பழைய எண்ணெய்.
துடைத்தேன். உள்ளே
ஒரு சிராய்ப்பு இல்லாமல் மினுங்கியது கிரவுன்.
நாற்பத்தொரு பல்.
பினியனில் பதினொன்று.

கதவுத் தூணில் ஒரு தகடு,
பெயிண்டுக்கு அடியில்.
சுரண்டினேன்: நாற்பத்தொன்றுக்கு ஒன்பது.
விதைக் கம்பெனி காலண்டரின் பின்னால்
வகுத்துப் பார்த்தேன்.
வகுத்தல் எனக்கு எப்போதுமே வராது.
வந்த விடையை நம்பாமல்
மறுபடி வகுத்தேன்.
வேகமுள் நாற்பத்தைந்தில் நிற்கும்போது
வண்டி ஐம்பத்தைந்தில் போகும்.

அப்போதுதான் டேஷ்போர்டு அறை நினைவுக்கு வந்தது.
வாங்கின அன்றே பார்த்தேன்:
எலிக்கூடு, ஒற்றைக் கையுறை,
மூன்று அபராதச் சீட்டு.
எழுபத்துநாலு, எழுபத்தைந்து, எழுபத்தேழு.
மூன்றும் ஊர் எல்லையில்,
நாற்பத்தைந்து பலகைக்குப் பக்கத்தில்.
மூன்றிலும் ஐம்பத்தைந்து.
கடைசிச் சீட்டில் பென்சிலால் அழுத்தி,
காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி:
"நாற்பத்தைந்தில்தான் போனேன்.
ஆர்வில் ட்வைட்."

வண்டியை விற்ற மகள் ஃபார்கோவில் இருக்கிறாள்.
ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டேன்.
"சோல்வெய், உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை."
அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் நின்றது.
பல் கணக்கைச் சொன்னேன்.
அவசரத்தில் கிரவுனையும் பினியனையும்
மாற்றிச் சொல்லி, திருத்தினேன்.
"மூன்றாவது சீட்டுக்கு," என்றாள்,
"அம்மா ஈஸ்டர்வரை அவரோடு பேசவில்லை."
பிறகு,
"அந்த ஆக்சிலை மாட்டினது யார் தெரியுமா?
அவரேதான். மலிவாய்க் கிடைத்ததென்று
ஊரெல்லாம் சொன்னார்."
சிரிக்கிறாளா என்று புரியவில்லை.
"அப்போ மற்றதெல்லாம்?
அவர் சொன்ன மற்றதெல்லாம்?"

எனக்குத் தெரிந்தது
பத்து போல்ட்டுக்குள் இருந்தது மட்டும்.
அதைத்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை சரியான பேரிங் வந்தது.
சுத்தியல் கேட்காமல் ஏறியது.
வேகமுள்ளைச் சரிசெய்ய
ஒரு குட்டிப் பல்சக்கரம் உண்டாம்;
பதினெட்டு டாலர் என்றான் ட்வேன்.
யோசித்தேன்.
நகப்பூச்சுப் புட்டி இன்னும் சட்டைப்பையில் இருந்தது.
கண்ணாடிமேல், முப்பத்தேழுக்கு நேராக,
ஊதாவில் ஒரு கோடு.