குருநகரில் மூன்றாவது வீடு

வியாழக்கிழமைகளில் மூன்றாவது வீடு கிறகோரியுடையது.
ஸ்கூட்டியை வலைக்குவியலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு
தராசையும் தடிப்பாக்கும் மாவையும் தூக்கிக்கொண்டு போவேன்.

ஐஸ்பெட்டிக்கு மேல் ஏறிநின்று
முப்பது வருசம் மீன் கூறி விற்ற தொண்டை.
சந்தை முழுக்கக் கேட்குமாம்.
மாசியில் வந்த பாரிசவாதத்துக்குப் பிறகு
ஒரு மிடறு தண்ணிக்குப் பயப்படுகிறது.

கதிரையில் நிமிர்த்தி இருத்துகிறோம்.
நாடி கீழே. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
அரைக் கரண்டி பூசணிக் கரைசல்
நாக்கின் நல்ல பக்கத்தில்.
பிறகு காத்திருத்தல்.
இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான்.
குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று
விரல்நுனியால் பார்க்கிறேன்,
தூண்டில் நூலைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"ராவிலை இருமினவரோ?"
"இல்லை மிஸ்."
"பிளேன்ரீ குடுத்தனீங்களோ?"
எமிலியானா சுவரைப் பார்த்தாள்.
"ஒருக்கா. கண்ணாலை கேட்டவர்."
ஏச வந்த சொல்லை
நானும் நாடியைக் குனிந்து விழுங்கினேன்.

இரண்டு பேருமாய்ப் பிடித்துத் தராசில் ஏற்றினோம்.
நாற்பத்தேழு கிலோ இருநூறு.
போன முறையை விட முந்நூறு கிராம் கூட.
படிவத்தில் எழுதி அடியில் கோடும் போட்டேன்.

குசினியில் அடுப்பு ஆறிக் கிடந்தது.
மீன் பொரித்தால் மணம் அவரிடம் வரும்,
வாயூறினால் எச்சிலே புரைக்கேறும் என்று
மாசியிலிருந்து இந்த வீட்டில் பொரியல் இல்லை.
பாணைத் தண்ணியில் தோய்த்து
கிணற்றடியில் நின்று தின்றுவிட்டு வருகிறாள்,
மெல்லும் சத்தம் கேளாத தூரத்தில்.

"நீங்களும் ஒருக்கா ஏறுங்கோ."
"எனக்கென்னத்துக்கு? நான் வருத்தக்காரியே?"
ஏறினாள்.
சட்டையின் தோள் முழங்கைப் பக்கம் வழிந்தது.
முப்பத்தெட்டு.
படிவத்தில் இதற்கொரு கட்டம் இல்லை.

கிறகோரி எண்ணைப் பார்த்துவிட்டார்.
தராசோடு வாழ்ந்த கண்.
வலது கை மடியிலேயே கிடக்க
இடது கை உயர்ந்தது:
மூன்று விரல். மடித்து, மறுபடி மூன்று.
விலை ஏற்றுகிற விரல்கள்.
எனக்கு விளங்கவில்லை.
"மூண்டு விளைமீன் வாங்கிப் பொரிக்கட்டாம், எனக்கு.
மனுசனுக்கு விசர்" என்றாள்.

அடுத்த வியாழன்
ஒழுங்கை முகப்பிலேயே பொரியல் மணம்.
அவருடைய கோப்பையில் அதே பூசணி.
நாடி கீழே. கொஞ்சம்.
கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார்.
ஒருக்கா இருமினார்.
நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.
காரணம் என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டேன்.