கூரைமேல் கதவு

ஸகோராவில் விடியுமுன் ஏற்றினோம்,
ஹத்துவின் பழைய வேன் கூரைமேல்,
நீல இரும்புக் கதவை.
மூன்று கயிறு.
மூலைகளுக்குக் கிழிந்த மெத்தைத் துண்டுகள்.

ஜீவனாம்சம் என்று வேறெதுவும் கேட்கவில்லை.
பேரீச்சம்பழம் பொட்டலமிடும் கொட்டகையில்
இரண்டு பருவம் நின்ற கால்களின் விலை இது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கதவு மட்டுமா?"
மட்டும்தான்.

அக்த்ஸ் வரைக்கும் ஆறு கூடவே வந்தது,
தண்ணீர் இல்லாமல்.
மரங்கள் முடிந்த இடத்தில்
நிலம் எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது.
அதன் நடுவே, பூட்டியது பூட்டியபடி,
என் கதவு போய்க்கொண்டிருந்தது.

சாவடிப் போலீஸ்காரன் அண்ணாந்து பார்த்தான்.
"வீடு எங்கே?"
"பின்னால் வருகிறது" என்றான் ஹத்து.
காலையிலிருந்து என் தம்பி வாய் திறந்தது
அப்போதுதான்.
போலீஸ்காரன் நிஜமாகவே
நாங்கள் வந்த சாலையை எட்டிப் பார்த்தான்.

வார்ஸாஸாத்தில் டீசல், ரொட்டி,
ஒரு டப்பா மத்தி மீன்.
பிறகு மலை.
முதலில் ரொட்டியின் அடிப்பக்க நிறம்,
அப்புறம் ஈரலின் நிறம்,
அப்புறம் நான் பெயர் வைக்காத ஒரு சாம்பல்.
வளைவுக்கு வளைவு காது அடைத்தது.
இரண்டாம் கியரில் வேன் முக்கியது.
காற்று சாவித் துவாரத்தைக் கண்டுபிடித்து
ஒரே சுரத்தில் ஊளையிட்டது.

எனக்குத் தெரிந்த சத்தம்.
அந்த வீட்டில் எத்தனை இரவு
எழுந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்,
யார் அழுகிறார்கள் என்று.
காற்றுதானா.

டிஷ்கா கணவாயில் கயிறு தளர்ந்தது.
இறக்கிப் பாறையில் சாய்த்தோம்.
அதன் மறைவில் அடுப்பைப் பற்றவைத்தான் ஹத்து.
இந்தப் பக்கம் சுடர் அசையவில்லை;
அந்தப் பக்கம்
பனித்துகள் இரும்பில் பொரிந்துகொண்டிருந்தது.

"தூடா, சாவி?"

அங்கேயே.
சமையலறை ஆணியில்.

முதலில் அவன் சிரித்தான்.
பிறகு நான், தேநீர் மூக்கில் ஏறும்வரை.
வாசலில் கம்பளியைத் தொங்கவிட்டுக்கொண்டு
அந்த மனுஷன் இனி
அதை வைத்து எதைத் திறப்பான்?

"பூட்டை உடைக்கவேண்டியதுதான்."
"முதலில் சுவர் வரட்டும்."

துவாரத்தில் அடைந்திருந்த பனியை ஊதிவிட்டேன்.
ஒரு முனை அவன், ஒரு முனை நான்.
"காலையில் இவ்வளவு கனமில்லையே" என்றான்.
"சிரித்தே களைத்துவிட்டாய்.
தூக்கு."