சொல்வதெழுதுதல்

கங்கைகொண்டான் நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு.
டயர் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதுகையில்
என் ஆறாம் பீரியட் தொடங்கும்.

பத்துச் சொல் சொன்னேன்.
ஒடிசாவிலிருந்து வந்த டம்பருதர்
பத்தையும் எழுதினான், பத்தும் தப்பு.
பள்ளி பல்லியாகிச் சுவரேறியிருந்தது.
சிவப்பு மையில் ஒரு சுழி போட்டேன்,
கொஞ்சம் பெரிசாகவே.
ஏல, நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா.

கேன்டீனில் பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வந்தாள்.
அவள் மொழி எனக்குத் தெரியாது,
என்னுடையது அவளுக்கு.
நடுவில் நின்று பெயர்த்துச் சொன்னவன்
அவனேதான்.
நான் நீளமாகச் சொன்னேன்,
அவன் குட்டையாகச் சொன்னான்.
அவள் சுழியைத் தொட்டுப் பார்த்தாள்.
கும்பிட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.
குறை சொன்னால் சிரிக்கிற ஊர் போல
என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் பீகார் ரூப்கலி
வாயைப் பொத்தியிருந்தாள்.
"டீச்சர், அவன் டீக்னு சொல்லுதான்.
எங்க பாஷையிலயும் அதான். டீக்னா சரி."
வந்து ரெண்டு வருசம்,
'சொல்லுதான்' வரைக்கும் வந்துவிட்டாள் அவள்.

கேட்டதற்கு அவன் பலகையில் வட்டம் வரைந்தான்.
அவர்கள் எழுத்தில் அது ஓர் எழுத்தாம்.
'சரி' என்ற சொல் அதில்தான் தொடங்குமாம்.
சைபர் எந்த ஊரிலும் சைபர்தான்,
அது அவனுக்கும் தெரியும்.
அம்மாவுக்கு மட்டும்
எழுத்தாக வாசித்துக் காட்டியிருக்கிறான்.

மறுநாள் நாற்காலியை அவனுக்கு விட்டேன்.
நீ சொல்லு, நாங்க எழுதுதோம்.
பெஞ்சில் பேச்சித்தாய் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொரொ என்றான். வீடு.
நாங்கள் எழுதிய ககரத்துக்குள்
அவன் வீடு நுழையவில்லை.
அடிவயிற்றுக் காற்று கொஞ்சம் வேண்டுமாம் அதற்கு.
பாத்தொ, சோறு. லுணொ, உப்பு.
பாணி என்றதும் ரூப்கலி துள்ளினாள், தண்ணீர் அவளுக்கும் ஏறக்குறைய அதுதான்.
சீனிராஜ் எழுந்தான், யாரும் கேட்காமலே:
"எங்க வீட்ல நீள்ளு, டீச்சர்."
ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறான்,
வீட்டில் தெலுங்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு
வரிசையாகத் திருத்தி வந்தான் டம்பருதர்.
எனக்கு ஒரு வட்டம்,
நல்லா உருட்டி.
சுழியா எழுத்தா, நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தமிழில் மூன்று வாங்கினான்.
பல்லி இன்னும் சுவரில்தான் இருக்கிறது.