பேசாத மணி

பிராங்க்ஸில் இரவு ஒன்றரைக்குப் பேருந்து.
இருக்கைக்கு அறுபது டாலர், பிள்ளை மடியிலிருந்தால் இலவசம்.
டேவியனுக்கு ஏழு வயது. மடி கொள்ளவில்லை.
கொள்கிறது என்றேன்.

விடியும்போது வயலா ஏரியா தெரியாத வெள்ளை.
அதன் நடுவே யாரோ இறக்கிவைத்துவிட்டு
எடுக்க மறந்ததுபோல் மதில்.

வாசலில் என் உள்ளாடைக் கம்பிக்கு இயந்திரம் கத்தியது.
கழிப்பறைக்குப் போய் உருவிக் குப்பையில் போட்டேன்.
எட்டு வருடமாய் வருகிறவளுக்கு
இது தெரியாதா என்றார் காவலர் பெட்ராஸ்கி.
தெரியும்.
ஆனால் இந்தப் பச்சைச் சட்டைக்கு
அதுதான் சரியாக இருக்கும்.

வருடத்தில் ஒரே நாள், அவர்கள் சபையின் குடும்ப நாள்.
நடுவில் மேசையில்லை. நாற்பது நாற்காலி, வட்டமாக.
பாதிரி இல்லை, பாட்டு இல்லை, மணியும் இல்லை.
குவேக்கர்கள் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்
என்று அலோன்ஸோ எழுதியபோது
அதற்குத்தானே உன்னை உள்ளே வைத்திருக்கிறார்கள்
என்று பதில் எழுதினேன்.

வெளியிலிருந்து வரும் திருமதி வின்ஸ்லோ
"முதலில் ஒரு மணி நேரம் மௌனம்" என்றாள்,
விருந்து பரிமாறுகிற முகத்தோடு.

ஒரு மணி நேரமா!
ஏழு மணி நேரமாக வாயில் அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்:
வாடகை, அவன் தம்பி, டேவியனின் ஆசிரியை,
என் மார்பில் தட்டுப்பட்ட கட்டி,
ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னது,
ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முன்பிருந்த
பதினோரு நாள்.
தொலைபேசியில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?
கால் மணி நேரத்துக்குள் மூன்று முறை
பதிவுசெய்த பெண் குரல் குறுக்கே வந்து
இது சிறையிலிருந்து வரும் அழைப்பு என்கும்,
நான் மறந்துபோயிருப்பேன் என்பதுபோல.

அமர்ந்தார்கள்.
சுவரோர வெந்நீர்க் குழாய் டக், டக் என்றது.
யார் குழந்தையோ சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்கியது.
ஹோரஸ் என்றொரு கிழவர். நாற்பத்தொரு வருடம் உள்ளே.
பார்க்க யாரும் வரவில்லை,
ஆனாலும் சட்டையில் மடிப்பு கலையவில்லை.
கண்ணை மூடிக்கொண்டார்.
நான் மூடவில்லை. கடிகாரத்தை முறைத்தேன்.
அதற்கும் கம்பி வலை.

பத்து நிமிடமோ, இருபதோ.
டேவியன், எல்லோருக்கும் கேட்க:
"அம்மா, அப்பா மூக்கு விசில் அடிக்குது."

சிலர் சிரித்தார்கள். ஹோரஸ் சிரிக்கவில்லை.
கண் திறக்காமல் மெல்லத் தலையசைத்தார்,
சபையில் ஒருவர் சாட்சி சொல்லிவிட்டார்போல.

அப்போதுதான் எனக்குக் கேட்டது.
இடது நாசி. பதினாறு வயதில்
கூடைப்பந்தில் யார் முழங்கையோ பட்டு உடைந்தது.
புழுக்க இரவுகளில் தூங்கவிடாத சத்தம்.
தோளில் தட்டுவேன், புரண்டு படுப்பான்,
மறுபடி ஊதும்.
இவன் வயிற்றிலிருந்தபோது கடைசியாகக் கேட்டது.
வருகை அறையில் நூறு வாய் பேசும்போது
மூக்குக்கு ஏது இடம்.

கட்டியைப் பற்றிப் பிறகு சொன்னேன்,
கேக்குக்கும் பிளாஸ்டிக் கரண்டிக்கும் நடுவே.
அவன் முகம் போன போக்கை இங்கே எழுதமாட்டேன்.
பதினோரு நாளையும் விரல்விட்டு எண்ணினான்,
அன்றன்று தான் எங்கிருந்தான் என்று:
சலவைக்கூடம், சலவைக்கூடம், ஞாயிறு, சலவைக்கூடம்.

இரண்டரைக்குத் தலை எண்ணினார்கள்.
ஆண்கள் ஒரு கதவு, நாங்கள் ஒரு கதவு.
கடவுள் வந்திருந்தாரா, எனக்குத் தெரியாது.
வந்திருந்தால் அவரையும் வாசலில்
காலணியைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள்.

செவ்வாய் இரவு அழைத்தான்.
பேசாதே என்றேன், கொஞ்ச நேரம்.
நிமிடத்துக்குக் காசு ஓடிக்கொண்டிருந்தது.
கம்பியில் இரைச்சல், அவன் பின்னால்
யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.
வேறொன்றும் இல்லை.

"கேக்குதா?" என்றான்.

கேட்கிறது என்றேன்.