மாத்திரைக் கணக்கு

மூன்று வருடம் எலி மூளை அரைத்தேன்
பீளமேட்டில், இரண்டாம் மாடியில்,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும் குளிரறையில்.
ஒரு மூளை இரண்டு புளியங்கொட்டை எடை.
அதில் செரட்டோனின் வந்து உட்காரும் ஏற்பிகளை
கதிரியக்கத் துளி விட்டு அடையாளம் போட்டு
வடிதாளில் பிடிப்போம்.
எண்ணுகிற வேலை எந்திரத்துக்கு, விடிய விடிய.

பூட்டும் சாவியும் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது.
எனக்கென்னவோ ஒறம்பரை வந்த வீடு மாதிரிப் பட்டது.
வந்திருப்பது யார் என்று பார்த்து
வீடே கொஞ்சம் உடம்பை மாற்றிக்கொள்ளும்.
சிலர் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்வார்கள்,
தானும் உள்ளே போகாமல்
அடுத்தவரையும் விடாமல்.
கே-412 அந்த ரகம்.

எலியிலிருந்து மனிதருக்கு வர
அதற்கு ஏழு வருடம் ஆனது.
நான் ஒரு மாடி இறங்கினேன்.

பங்கேற்பாளர் 017.
தாளில் பெயர் இருக்கக் கூடாது.
அந்தம்மாவோ கதவைத் திறக்கும்போதே
"மயிலாத்தா வந்துட்டனுங்க" என்பார்.
சோமனூர். நாற்பத்தாறு வயது. இரவு ஷிப்ட் தறி.

சென்ற வாரம் உங்கள் மனநிலை தாழ்ந்திருந்ததா?
இல்லை, சிறிது, மிதமாக, கடுமையாக.

"வெசனமுங்க."

எந்த அளவுக்குங்க?

"வெசனத்துக்கு ஏது அம்மிணி அளவு.
தறி ஓடறப்ப சத்தத்துல தெரியறதில்ல.
போன தீவாளிக்கு எட்டு நாள் நிறுத்திப் போட்டாங்க,
எட்டு நாளும் செவுத்தப் பாத்துப் படுத்தே கெடந்தேன்.
புள்ள வந்து தலை சீவி உட்டுது."

மிதமாக என்பதில் டிக் அடித்தேன்.
ஓரத்தில் பென்சிலால் வெசனம் என்று எழுதினேன்.
கண்காணிப்புக்கு வந்தவர் பெங்களூர்க்காரர்,
அது என்ன என்று கேட்டார்,
நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு
அழித்துவிடுங்கள் என்றார்.

எல்லா மாத்திரையும் ஒரே வெள்ளை.
பாதிப் பேருக்குக் கே-412, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.
"மாவுன்னா என்ன மாவுங்க?"
கிழங்கு மாவாக இருக்கும் என்றேன்.
"ராசிபுரத்துல எங்கண்ணன் மூணு ஏக்கரா
குச்சிக்கிழங்குதான் போட்டிருக்குது.
அதத் தின்னு நல்லாகறதுன்னா
எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் சீக்கே வந்திருக்காதே!"
ஆறு வாரத்தில் அந்தம்மா சிரித்தது அன்றுதான்.
மருந்தா, கிழங்கா, அண்ணன் மேலுள்ள கோபமா,
எனக்குத் தெரியவில்லை.

இருபத்து நான்கிலிருந்து பதினைந்துக்கு இறங்கியது மதிப்பெண்.
பிறகு பதினொன்று.
வெடியால எந்திரிச்சுக் கோலம் போடறனுங்க என்றார்,
கேள்வித்தாளில் கேட்காத போதே.

பன்னிரண்டாம் வாரம், சித்திரை வெயில், கடைசி வருகை.
மிச்ச மாத்திரையைத் தட்டில் கொட்டி
இரண்டிரண்டாகத் தள்ளி எண்ண வேண்டும்.
ஆறு இருக்க வேண்டும்.
நான்கு இருந்தது.
மறுபடி எண்ணினேன்.

ரெண்டு குறையுதுங்களே.

மணிபர்ஸின் ஜிப்பை இழுத்தார், மூடினார்,
திரும்ப இழுத்தார்.
"வைகாசி இருபத்தெட்டு புள்ளைக்குக் கல்யாணமுங்க.
எல்லாரும் உண்டு போட்டுப் போன பொறகு
மண்டபத்துல சத்தம் அடங்குமில்லீங்,
அந்த நேரத்துக்குன்னு எடுத்து வெச்சிருக்கறன்."

இரண்டு மாத்திரையில் ஒன்றும் ஆகாது.
ஏற்பிகள் இடம் மாறி அமர வாரக்கணக்கு ஆகும்,
வரைபடம் நானே போட்டிருக்கிறேன்.
அது மருந்தா மாவா என்று சொல்லும் உறையை
வைகாசி முப்பதில்தான் பிரிப்பார்கள்.
இதில் எதையும் சொல்லவில்லை.

குறைவு: இரண்டு.
காரணம்: பயணத்தில் தவறிவிட்டது.
கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பினேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"எந்த வண்டின்னு கேட்டாங்கன்னா?"

பேனாவை மறுபடி திறந்து சேர்த்தேன்:
சோமனூர் வண்டி, ஜன்னலோரம்.