மீதி நானூறு வெள்ளி

கல்யாணத்துக்கு முந்தின இரவு
கேமரா என்னிடம் அனுமதி கேட்டது,
புதுப்பித்துக்கொள்ளலாமா என்று.
நாற்பத்தொரு பக்க ஒப்பந்தம்.
நான் கைலியை மடித்துக் கட்டி
மேகி தின்றுகொண்டிருந்தேன்.
வலது கையில் முள்கரண்டி.
'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை
இடது கட்டைவிரலால் அழுத்தினேன்.
கட்டைவிரல் வைத்தால் என்ன ஆகும் என்று
இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு முழுக்க அது நல்ல பிள்ளை.
பஹாவ் கோயில் மண்டபத்தில்
விளக்குக்காரன் ஊதாவை அள்ளிக் கொட்டி
நானூறு பேரையும்
கத்தரிக்காய் ஆக்கி வைத்திருந்தான்.
எனக்குக் கவலையில்லை.
நான் பச்சையாகத்தான் எடுப்பேன், ரா என்பார்களே, அது.
எவ்வளவு ஊதா கொட்டினாலும்
அடியில் அவரவர் நிறம் கிடக்கும்.
கடைக்கு வந்து
மெதுவாக அள்ளிக்கொள்ளலாம்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு படம்.
ஒன்றும் திறக்கவில்லை.
ஊர் பேர் தெரியாத யார் யாரோ
சும்மா எழுதிக் கொடுத்த மென்பொருள்,
ஒன்பது வருடம் எனக்குச் சோறு போட்டது,
'இந்தக் கோப்பை எனக்குத் தெரியாது' என்றது
விலைபோன சாட்சி மாதிரி.
பாவம், அதன்மேல் குற்றமில்லை.
இனிமேல் கம்பெனியின் மென்பொருள்தான் திறக்குமாம்.
மாதம் எழுபத்தொன்பது வெள்ளி.
அதுவும் என் மடிக்கணினியின் வயதைக் கேட்டு
வாசலிலேயே நிறுத்திவிட்டது.

கேமரா என்னுடையது,
தவணை இன்னும் ஏழு மாதம்.
கழுத்துவலி என்னுடையது.
சாவி
எந்தக் கடலுக்கு அந்தப் பக்கமோ.

கேமரா தானாகவே சமைத்து வைத்த படங்கள் மட்டும்
கையில் இருந்தன.

புதன்கிழமை கோகிலவாணி வந்தாள்.
செம்பனை ஆலையின் எடைமேடையில் வேலை,
லோரிகளை ஏற்றி இறக்கி எண் எழுதுகிறவள்.
மருதாணி இன்னும் போகவில்லை.
திரைக்குக் கிட்டே குனிந்தாள்.
தாலி சரி. மாலை சரி.
முகம் மட்டும்
இட்லி மாவு தடவிக் காயவிட்டது போல
ஒரு சாம்பல் வெளுப்பு.

"யார் இது?"
நீங்கள்தான்.
"என் கறுப்பு எங்கே?"

உள்ளே இருக்கிறது என்றேன்.
பூட்டியிருக்கிறார்கள் என்றேன்.
இப்படியும் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று
வாய் தவறி ஒன்று சொன்னேன்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

பிறகு அவளே சொன்னாள்:
"எங்கள் மேடையில்
எடை ஓடும் பெட்டி ஒன்று வெளியே பார்த்து நிற்கும்.
போன வருடம் மேனேஜர்
அதை ஆபீஸ் பக்கம் திருப்பி வைத்தார்.
எண் நாங்கள் சொல்வோம், நீங்கள் கேட்டால் போதும் என்று.
ரோஸ்லான்தான் லோரியை மேடையில் நிறுத்தி
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார்.
பின்னால் பதினாறு லோரி.
குலையெல்லாம் வெயிலில்.
மதியம் பெட்டி பழையபடி திரும்பியது."

நான் எதை நிறுத்திப் படுப்பது என்று கேட்டேன்.
அது அவளுக்கும் தெரியவில்லை.

கைப்பையைத் திறந்து
எண்ணூறில் நானூறை எண்ணி வைத்தாள்.
"அழித்துவிடாதீர்கள்.
மீதி, என் நிறம் வந்ததும்."
கீழே தியாகு ஹார்ன் அடித்தான்.

அன்று இரவே
அந்த ஊர் பேர் தெரியாதவர்களுக்கு எழுதினேன்.
மூன்றாம் நாள் ஒருவர் பதில் போட்டார்,
பெயருக்கு இரண்டே எழுத்து:
பூட்டை ஆராய மாதிரிக்கு ஒரு படம் வேண்டும்,
எதுவானாலும் பரவாயில்லை,
இருட்டும் வெளிச்சமும் சேர்ந்து இருந்தால் நல்லது.

ஜன்னலோரம் இடது கையை நீட்டி
அதையே எடுத்து அனுப்பினேன்,
கட்டைவிரல் தெரிகிற மாதிரி.
எப்படி வந்திருக்கிறது என்று
இன்னும் எனக்குத் தெரியாது.